பெஞ்சில் கழிந்த லீவு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படிப்பு. அதற்கப்புறம் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் ஊருக்குக் கடிதமும். போன் வந்தபிறகு கடிதமும் நின்றுபோனது. முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்வேன், பாதியில் மறந்தும் போவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசச் சொன்னால் இதைவிட மோசம். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு எழும்பாது. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

என் மகன் மூன்று வருஷம் பேஸ்பால் ஆட்டக்காரனாக இருந்தான். தெருவில் ஆடுகிற ஆட்டம் இல்லை. சட்டையில் நம்பர் போட்டு, கையெழுத்து வாங்கி, சம்பளம் கொடுத்து ஆடவைக்கிற அணி. அந்த அணியில் அவன் ரிசர்வ் அவுட்ஃபீல்டர். அவுட்ஃபீல்டர் என்றால் கிரிக்கெட்டில் பவுண்டரிப் பக்கம் நிற்பவர் மாதிரி. ரிசர்வ் என்றால், நிற்பவருக்கு ஏதாவது ஆனால் போய் நிற்பவர். ஒன்றும் ஆகாவிட்டால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர். என் மகன் பெரும்பாலும் உட்கார்ந்திருந்தான்.

நாங்கள் அஜ்மானில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் ஒரு கராஜில் டிங்கர் வேலை பார்த்தார். அடிபட்ட கார்களைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. இப்போது காது மந்தம், முழங்கால் வலி. நாங்கள் இருவரும் மகனுடைய விசாவில் இருக்கிறோம். மகன் ஷார்ஜாவில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். காலையில் போனால் இருட்டும்போதுதான் வருவான். அந்த ரோட்டு நெரிசலில் போய் வருவதே ஒரு டியூட்டி.

மகனுடைய சின்ன வயதில் நாங்கள் ஷார்ஜாவில் ரோலா என்ற இடத்தில் இருந்தோம். கட்டடங்களுக்குப் பின்னால் மண் கிடக்கும் இடத்தில் வெள்ளிக்கிழமை காலையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இவனும் ஆடினான். பேட்டிங் கடைசியில்தான் வரும், பவுலிங் கொடுக்க மாட்டார்கள். பெரியவனாகி கம்பெனி டீமுக்குப் போனபோதும் அதே கதைதான். பாதி நாள் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு ஓடுவான். ஆனால் பந்தை எறிவதில் மட்டும் அவனை யாரும் மிஞ்ச முடியாது. எந்த மூலையில் இருந்து எறிந்தாலும் ஸ்டம்ப் பக்கத்தில் நிற்பவர் கைக்கு, தரையில் படாமல், நேராக வந்து சேரும். அவனுடைய கூட்டாளி ஒருவன் இருக்கிறான், காயல்பட்டினத்துக்காரன், ரோலாவில் மொபைல் கடை. அவன் சொல்வான்: “மாமி, இவன் பேட்டைத் தொட்டா நமக்கு நஷ்டம், பந்தைத் தொட்டா அவனுவளுக்கு நஷ்டம்.”

துபாய்க்கு வெளியே, மணல் பக்கம், பேஸ்பாலுக்கென்று ஒரு மைதானம் வந்தது. குளிர்காலத்தில் ஒரு மாதம் போல ஆட்டம் நடக்கும். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்திருந்தார்கள். இங்கேயே உள்ள பையன்களிலும் சிலரை எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். காயல்பட்டினத்துப் பிள்ளைதான் கடையைப் பூட்டிவிட்டு இவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். அங்கே இவனைத் தூரத்து வேலி ஓரத்தில் நிறுத்தி எறியச் சொல்லியிருக்கிறார்கள். எறிந்தான். இன்னொரு தடவை எறியச் சொன்னார்களாம். அதற்கப்புறம் பெயரை எழுதிக்கொண்டார்களாம்.

அன்றைக்கு வீட்டில் சந்தோஷம்தான். பாயசம் வைத்தேன். லீவு பற்றிய பேச்சு அதற்கு அடுத்த வாரம்தான் வந்தது.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு லீவு என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒரு மாதம். ஊருக்குப் போவதும், கல்யாணம் பேசுவதும், செத்தவர் வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்பதும், பல் பிடுங்குவதும் எல்லாம் அந்த ஒரு மாதத்துக்குள்தான். லீவை இங்கேயே இருந்து கழித்தவன் என்று நான் யாரையும் கேள்விப்பட்டதில்லை. என் மகன் தன் லீவை பேஸ்பாலுக்குக் கொடுத்தான். அவனுடைய ஸ்டோர் மேனேஜருக்கு அது விளங்கவே இல்லை. லீவு போட்டுவிட்டு வேறு கம்பெனியில் வேலைக்குப் போகிறானோ என்று சந்தேகப்பட்டு, ஒருநாள் மைதானத்துக்கே வந்து பார்த்தாராம். பெஞ்சில் இவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்துபோய்த் திரும்பிப் போனார்.

ஊரில் பெண் பார்த்து வைத்திருந்தோம். நல்ல குடும்பம். மகன் லீவில் வந்ததும் நிச்சயம் என்று பேச்சு. “அடுத்த லீவுல வாரேன்னு சொல்லும்மா” என்றான். சொன்னேன். போனில் அந்தப் பெண்ணின் அம்மா, பையனுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டார்கள். இல்லை, பந்தாட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கம்பெனியில் வேலை ஜாஸ்தி என்று சொன்னேன்.

முதல் வருஷம் நான் எல்லா ஆட்டத்துக்கும் போனேன். ஆட்டம் விளங்காது. அஜ்மானிலிருந்து போய்ச் சேரவே உடம்பு அலுத்துப்போகும். அங்கே போய்ப் படியேறி உட்கார்ந்தால் மகன் எங்கே என்று தேடுவேன். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்து எங்கள் அணி மைதானத்துக்குள் இறங்கும்போதும் இவன் கையில் பந்தோடு ஓரக் கோடு வரை ஓடிப் போவான். தூரத்தில் நிற்பவருக்கு எறிவான், அவர் திருப்பி எறிவார். நாலைந்து தடவை. பிறகு ஓடிவந்துவிடுவான். நான் கை தட்டுவேன். மகன் ஆடுகிறான், கொஞ்சம் கொஞ்சமாக ஆடவிடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஊருக்குப் போன் போட்டு என் தங்கையிடமும் அப்படியே சொன்னேன்.

என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்ததும் சொன்னார்:

“ஏளா, அது ஆட்டம் இல்ல. ஆடப்போறவனுக்குக் கை சூடு ஆறிராம இருக்க இவன் எறிஞ்சு குடுக்கான். கல்யாண வீட்டுல மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. மாலையை வாங்கிப் பிடிக்கதோட சரி.”

எனக்கு அழுகை வந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். எழுந்து போய் டிவியைப் போட்டார்.

மகன் ஒருநாளும் குறை சொல்லவில்லை. சீசன் இல்லாத மாதங்களிலும் டியூட்டி முடிந்து வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடிப்பான். ஆகஸ்ட் வெயில் இறங்கின பிறகும் அந்தச் சுவர் கொதிக்கும். பக்கத்து ஃபிளாட்டுக்காரர்கள் சத்தம் என்று சொன்னார்கள். பிறகு சுவரை விட்டுவிட்டு, காயல்பட்டினத்துப் பிள்ளையை நிற்கவைத்து எறிந்தான். கையில் மாட்டும் தோல் கிளவ்ஸ் மடங்கிப் பழக வேண்டும் என்று அதற்குள் பந்தை வைத்துக் கட்டி, மெத்தைக்கு அடியில் போட்டு அதன்மேல் படுப்பான். காலையில் முதுகு வலிக்கிறது என்பான். ஸ்டோரில் அட்டைப்பெட்டி தூக்குகிறவனுக்கு முதுகுவலி வர இது வேறு வேண்டுமா என்று நான் முனகுவேன்.

இரண்டாவது வருஷமும் லீவு அப்படியே போனது. அந்த வருஷம் வேறொருவர் அடித்துவிட்டு நிற்க, அவருக்குப் பதிலாக ஓடுவதற்கு மட்டும் இவனை இறக்கினார்கள். கிரிக்கெட்டில் பை ரன்னர் என்போமே, அது. ஓடினான். பேஸ் என்று நாலு இடம் உண்டு, நாலையும் சுற்றி வந்தால்தான் ஒரு ரன். இவன் அவுட்டும் ஆகவில்லை, சுற்றி வந்து சேரவும் இல்லை. நடுவிலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. ஊரில் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். பத்திரிகை போட்டோ போனில் வந்தது. மகனிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, “நல்லா இருக்கட்டும்மா” என்றான். சாப்பாடு மட்டும் குறைவாகச் சாப்பிட்டான்.

மூன்றாவது வருஷம் சீசன் தொடங்கும் முன்னால் சமையற்கட்டில் வந்து நின்றான். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“எம்மா, கோச் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. இந்த சீசன்ல ஃபீல்டுல எறங்கி ஏதாவது காட்டணுமாம். இல்லைன்னா அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாவ.”

“எறக்கினாத்தானய்யா காட்ட முடியும்?”

“அதத்தான் நானும் கேட்டேன். சிரிச்சாரு.”

அந்தக் கோச் ஒரு வெளிநாட்டுக் கிழவர். எப்போதும் சூரியகாந்தி விதையைக் கொறித்துக் கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டிருப்பார். கெட்டவர் இல்லை. என்னைக் கண்டால் தொப்பியைத் தூக்குவார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது, தரையைப் பார்ப்பேன்.

என் மகனுக்கு முப்பத்தொன்று முடிந்திருந்தது. இந்த வருஷம் இல்லையென்றால் பிறகு இல்லை என்று எங்கள் மூவருக்குமே தெரியும். ஆட்டம் ஆட்டமாகப் போனது, அவன் பெஞ்சில் இருந்தான், நான் படியில் இருந்தேன். சீசன் முடிய ஒரு வாரம் போல இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்து ஆட்டம். காயல்பட்டினத்துப் பிள்ளை ரோலாவிலிருந்து பழைய கிரிக்கெட் டீமையே இரண்டு காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். என் வீட்டுக்காரரும் வந்திருந்தார், முழங்காலில் எண்ணெய் போட்டுக் கட்டிக்கொண்டு. இருபக்கமும் சமமாக இருந்தது. கடைசி இன்னிங்ஸ். எங்கள் ஆட்கள் அடித்து முடித்துவிட்டார்கள், எதிரணி அடிக்கிறது. அவர்களுக்கு ஒரு ஆள் சுற்றி வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. அப்போது எங்கள் பக்கம் வலது ஓரத்தில் நின்றவருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டே வெளியே வந்தார். கோச் பெஞ்சைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

மகன் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு ஓடினான். இந்தத் தடவை ஓரக் கோட்டில் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி உள்ளே போனான்.

எங்கள் படியில் சத்தம் அடங்கவில்லை. என் வீட்டுக்காரர் காதிலிருந்த மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். அவருக்குப் படபடப்பு வந்தால் அப்படிச் செய்வார்.

எதிரணியில் ஒருவர் அவுட் ஆனார். அதற்கு முன்னாலேயே ஒருவர் மூன்றாவது பேஸில் போய் நின்றுவிட்டார். அந்த இடத்திலிருந்து கொஞ்ச தூரம் ஓடினால் கணக்குத் தீர்ந்தது. அடுத்தவர் அடித்த பந்து உயரமாக எழும்பி வலது பக்கம் வந்தது. ரொம்பத் தூரம் இல்லை. மகன் முன்னால் ஓடி வர வேண்டியிருந்தது. முதலில் அவனால் எட்டமுடியாது என்றுதான் நினைத்தேன். ஓடி வந்தான், குனிந்தான், புல்லுக்கு மேலே ஒரு சாண் இருக்கும்போது பந்தைப் பிடித்துவிட்டான். விழவில்லை. நின்றான்.

நின்று, பந்தை மேலே தூக்கிப் போட்டான்.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்ச் பிடித்தால் பந்து செத்தது. தூக்கிப் போடுவார்கள், கையை விரித்துக்கொண்டு ஓடுவார்கள், ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுவார்கள். சின்ன வயதிலிருந்து இவன் பிடித்த ஒவ்வொரு கேட்சுக்கும் அப்படித்தான் செய்திருக்கிறான். இங்கே அப்படி இல்லை. கேட்ச் பிடித்தால் அடித்தவர் மட்டும்தான் அவுட். பந்து உயிரோடு இருக்கிறது. மூன்றாவது பேஸில் நிற்பவர் அதில் காலை வைத்துக்கொண்டு காத்திருந்து, பந்து பிடிபட்ட பிறகு ஓடலாம். பிடித்தவர் உடனே எறிந்து அவரைத் தடுக்க வேண்டும். இவன் கையைத் தெரிந்தவர் யாரும் ஓடத் துணிய மாட்டார்கள். அதற்காகத்தான் இவனை எடுத்ததே.

பந்து மேலே இருக்கும்போதே அவர் ஓடிவிட்டார்.

எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ரோலாப் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து குதித்தார்கள். “மாமி, பாத்தியளா மாமி, உங்க மவன் புடிச்சிட்டான்” என்று காயல்பட்டினத்துப் பிள்ளை என் தோளைப் பிடித்து உலுக்கினான். நானும் கை தட்டினேன். எதிரணி ஆட்கள் பெஞ்சிலிருந்து ஓடி வந்து ஒருவர் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். நல்ல மனசுக்காரர்கள், நம் பிள்ளை பிடித்ததற்கு அவர்களும் சந்தோஷப்படுகிறார்கள் போல என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். பிறகு பார்த்தால் எங்கள் ஆட்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்கள். நாங்கள் மட்டும்தான் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தோம். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

மகன் அங்கேயே நின்றான். பந்து அவன் கையில்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேட்டுக்கு வெளியே ரொம்ப நேரம் காத்திருந்தோம். மற்ற ஆட்டக்காரர்கள் எல்லாரும் பஸ் ஏறிப் போன பிறகுதான் வந்தான். தலை ஈரமாக இருந்தது. என் பக்கம் வந்து, “கை அதுவா போட்டுட்டும்மா” என்றான். தமிழில்தான் சொன்னான். மனசு சரியில்லாவிட்டால் அவனுக்கு இங்கிலீஷ்தான் வரும். அன்று அதுவும் வரவில்லை.

கோச் என்ன சொன்னார் என்று காயல்பட்டினத்துப் பிள்ளை காரில் போகும்போது கேட்டான். ஒன்றும் சொல்லவில்லையாம். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கொஞ்சம் விதையை இவன் கையில் கொட்டினாராம். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று மகன் சொன்னான்.

அஜ்மான் வரை வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. பாதி வழியில் என் வீட்டுக்காரர் மெஷினைக் காதில் மாட்டினார்.

“நானும் ஒருதடவ புதுக் கதவு மாட்ட வேண்டிய வண்டிக்கு, பழைய கதவையே தட்டி நிமித்தி மாட்டிட்டேன்” என்றார். “கை பழகினது அப்படித்தாம்ல.”

மகன் சிரித்தான் என்று சொல்ல முடியாது. மூக்கால் ஒரு சத்தம் விட்டான்.

மிச்சம் இருந்த ஆட்டங்களுக்கும் நான் போனேன். போகாதே, உடம்பைப் பார் என்று வீட்டுக்காரர் சொன்னார். ஆனால் நான் போகாவிட்டால், அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு வரவில்லை என்று அவன் நினைத்துக்கொள்வானே. பழையபடி இன்னிங்ஸ் மாறும்போது கோடு வரை ஓடுவான், எறிவான், வருவான். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சில பேர் இவனைக் கண்டதும் கையைத் தூக்கிப் பந்தை மேலே போடுகிற மாதிரி செய்து சிரித்தார்கள். நம் தமிழ் ஆட்கள்தான். கிரிக்கெட் பார்க்கிறவர்கள்தான். அவர்களும் அன்று எழுந்து குதித்தவர்களாகத்தான் இருப்பார்கள். திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. இவன் கேட்டிருப்பான். கோட்டில் நின்று எறிந்துகொண்டேதான் இருந்தான்.

அதற்கப்புறம் கோடை வந்தது, போனது. கூப்பிடுகிற மாதம் வந்தபோது போன் வரவில்லை. அவன் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவதை நான் பார்த்தேன். பிறகு ஒருநாள் போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கப் போனான். தெரிந்துகொண்டேன். சுவர் பக்கம் போவதும் நின்றது. பக்கத்து ஃபிளாட்டு அம்மா, இப்போதெல்லாம் சத்தமே இல்லையே, பையன் லீவில் போயிருக்கிறானா என்று கேட்டார்கள்.

போன வாரம் வெள்ளிக்கிழமை அரைநாள் டியூட்டி முடிந்து வந்தான். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னான்:

“இந்த வருஷ லீவுல ஊருக்குப் போவோம்மா. டிக்கெட் பாக்கேன்.”

மூன்று வருஷமாக இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். ஊரில் தங்கை வேறு இடம் பார்த்து வைத்திருக்கிறாள். சரிய்யா, பார் என்று சொன்னேன். சொன்ன பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். அலுப்புத்தான் வந்தது.

அவன் குழாயை மூடினான். கையைத் துடைத்தான். போவான் என்று பார்த்தால் அங்கேயே நின்றான்.

“எம்மா, அந்தக் கேட்ச்ச நீ நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“ஓடி வந்ததுலருந்தா?”

“ஓடி வந்ததுலருந்து பாத்தேன். புல்லுல படப்போச்சு. ஒரு சாண்கூட இருக்காது.”

“நல்ல கேட்ச்தானம்மா?”

“நல்ல கேட்ச்சய்யா.”

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

இதை அவனுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். அவனிடம் கேட்டு எழுதினால் சரியாக இருந்திருக்கும், ஆனால் மறுபடியும் அதைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு ஏற்கெனவே ஒரு ஆள்தான் அவுட்டா, இரண்டு ஆளா என்று இப்போது குழப்பமாக இருக்கிறது. இரண்டு ஆள் அவுட் ஆகியிருந்தால் அவன் பிடித்தது மூன்றாவது அவுட், அதோடு அந்த இன்னிங்ஸ் முடிந்திருக்கும், தூக்கிப் போட்டதும் தப்பில்லை என்று காயல்பட்டினத்துப் பிள்ளை சொல்கிறான். பேஸில் காலை வைத்துக் காத்திருப்பதைப் பற்றி நான் எழுதியதும் சரிதானா தெரியவில்லை. இந்த ஆட்டம் தெரிந்தவர்கள் யாராவது படித்தால், தப்பான இடத்தைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.